கடைமடை வகுப்பு

முதுகலைத் தமிழ் இரண்டாம் ஆண்டு,
ஐந்தாம் பாடவேளை, மின்சாரம் இல்லை.
பாடத்திட்டத்தில் ‘கோட்பாடுகள்: ஓர் அறிமுகம்.’
நான் மணிக்கணக்குச் சம்பளத்துக்கு வந்தவள்;
மூன்று மாதமாக அந்தச் சம்பளமும்
ஒரு கோட்பாடாகத்தான் இருக்கிறது.

அமைப்பியல் என்று பலகையில் எழுதியதும்
பதினேழு பேனாக்கள் குனிந்தன.
எழுத வேண்டாம் என்றேன்.
அதையும் எழுதிக்கொண்டார்கள்.

கவிதை எதுவும் கொண்டுபோகவில்லை.
திருத்துறைப்பூண்டி பேருந்து நிலையச் சுவரில்
பாதி கிழிந்து தொங்கிய அறிவிப்பை
மீதியும் உரித்துச் சுருட்டி வந்திருந்தேன்.
அதன் முதுகில் பழைய பசையோடு
பூப்புனித நீராட்டு விழாச் சுவரொட்டி ஒன்றின்
கால்வாசி முகம்.

ரெஜினா வாசித்தாள்:
“முறை வைத்துத் தண்ணீர் விடப்படும்.
விவசாயிகள் சிக்கனமாகப் பயன்படுத்தி
ஒத்துழைக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.”

யார் எழுதியது?
பொறியாளர், என்றான் சம்சுதீன்.
“அவரு மாற்றலாகிப் போயி ஆறு மாசமாச்சு,
கையெழுத்துதான் இன்னும் வேலை பாக்குது.”
இதைவிடத் தெளிவாக என்னால் முடியாது.
பலகையில் எழுதினேன்: ஆசிரியர் இறந்துவிட்டார்.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்:
“அப்ப நாளைக்கு லீவா மேடம்?”

சிரித்து அடங்க நேரமாயிற்று, எனக்கும்.
எழுதியவரும் கற்பிப்பவரும்
ஒரே சொல்லில் குடியிருக்கும் மொழியில்
யாருக்குப் பாடை கட்டுவது, யாரை விட்டுவைப்பது?
நான் படித்த எந்த நூலுக்கும் இந்தச் சிக்கல் வந்ததில்லை.
இது தேர்வில் வராது என்றேன்.
அப்போதுதான் பேனாக்களை மூடினார்கள்.

மூடிய பிறகே வாசிப்பு தொடங்கியது.
“விடப்படும்னா, யாரால?”
செயப்பாட்டுவினைக்குப் பின்னால் மறைந்திருக்கும் கைக்கு
மோதிரம் உண்டா, எந்த விரலில், என்று ஒரு தகராறு.
‘விவசாயிகள்’ என்ற பன்மையை
விரலால் தடவிப் பார்த்தாள் குணவதி,
அதற்குள் தன் அம்மா இருக்கிறாளா என்று.
பட்டா கிடையாது. நடவுக்கூலி.
இல்லை, என்றாள்.
தாளைத் திருப்பியும் பார்த்தாள்.

மையம், விளிம்பு என்று நான் வட்டம் போட,
தலைஞாயிற்றிலிருந்து வரும் கலையமுதன் எழுந்து வந்து
வட்டத்தை உள்ளங்கையால் அழித்தான்.
மேட்டூர், கல்லணை, வெண்ணாறு, அரிச்சந்திரா:
பலகை தீர்ந்து, கோடு சுவரில் இறங்கியது.
“இங்கதான் எங்க ஊரு. கடைமடை.
தண்ணி வராத வருஷம் நாங்க விளிம்பு.
வெள்ளம் வந்தா மொதல்ல எங்க வீட்டுக்குத்தான்;
அன்னைக்கு நாங்கதான் மையம்,
டிவிக்காரங்க எல்லாம் வருவாங்க.”
சுண்ணக்கட்டியைத் திருப்பித் தர மறந்து போய் உட்கார்ந்தான்.

கட்டவிழ்ப்பு என்ற சொல்லை
அடுத்த வாரத்துக்கு என்று வைத்திருந்தேன்.
வாய் தவறி வந்துவிட்டது.
குணவதிக்கு அது நாற்றுக்கட்டாகக் கேட்டது.
“அவுத்துப் போட்டா மட்டும் போதுமா மேடம்?
பொழுதுக்குள்ள நடலன்னா வாடிடும்.”
இதற்குப் பதில் உண்டு,
என் ஆய்வேட்டின் நான்காம் இயலில்.
எவ்வளவு முயன்றும் ஒரு வரி ஞாபகம் வரவில்லை.
மணி அடித்தது.

மாலை ஐந்தரைக்கு
அறிவிப்பை எடுத்த இடத்திலேயே ஒட்டினோம்.
பசை வாங்கக் காசில்லை;
சம்சுதீன் டிபன் பாக்ஸில் மிச்சமிருந்த சோறு
நாலு மூலைக்கும் போதுமானதாக இருந்தது.
‘விவசாயிகள்’ பக்கத்தில் ஒரு சின்னக் கூரைக் குறி,
அதன் மேல் நீல மையில் குணவதியின் கையெழுத்து:
நடவாட்களும்.

உர மூட்டையைத் தோளிலிருந்து இறக்கிய ஒருவர்
“இதுல என்னமோ கூடுதலா எழுதியிருக்கே” என்று
கண்ணாடியைத் தேடி எடுத்து
கிட்டே போய் நின்றார்.

அவர் படித்து முடிப்பதற்குள்
என் பஸ் வந்துவிட்டது.